தைமஸ் கட்டியும் தன்னையே தாக்கும் வியாதியும்

சரீரத்தில் ஒரு கட்டி தோன்றிவிட்டது என்று கேட்டதும் மனிதர் அஞ்சுவது இரண்டு காரணங்களால்: அது பருத்து அருகிலுள்ள உறுப்புகளை நெருக்கிவிடும் என்பது ஒன்று, வேர்விட்டுப் பரவி, இரத்தத்தின் வழியே தூரத்து உறுப்புகளிலும் குடியேறி, உயிரையே மாய்த்துவிடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதையும் செய்யாமல், மெல்லிய உறை ஒன்றுக்குள் அடங்கி, ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய ஒரே அளவில் கிடக்கும் கட்டியைச் சாதுவான கட்டி என்று வகைப்படுத்தி, நோயாளிக்குத் தைரியம் சொல்லி அனுப்புவது வைத்தியர்களின் வழக்கம். மார்பெலும்புக்குப் பின்னே, இருதயத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் தோன்றும் கட்டியைப் பொறுத்தமட்டில் அந்த வழக்கமான ஆறுதல் போதுமானதன்று. தைமோமா எனப்படும் அக்கட்டி, சில சென்டிமீட்டர் அளவுக்கு மேல் வளராமலும், அண்டையிலுள்ள எந்த உறுப்பையும் தீண்டாமலும் இருக்கும்போதே, ஒருவருடைய கண்ணிமையைத் தூக்கும் சக்தியைப் பறித்துவிடுகிறது. மற்றொருவருடைய எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உற்பத்தியாவதை நிறுத்திவிடுகிறது. வேறொருவரை, ஏனையோர் எளிதில் வென்றுவிடும் கிருமிகளுக்கெல்லாம் பலியாக்கிவிடுகிறது. தான் இருக்கும் இடத்தில் யாதொரு தீங்கும் செய்யாத கட்டி, தான் தொடாத உறுப்புகளை எவ்வாறு நலிவிக்கிறது என்னும் கேள்வி, நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சியாளரை ஈர்த்து வந்தது. நம் உடல் தன்னைத் தான் என்று எங்ஙனம் அறிந்துகொள்கிறது என்னும் பெரிய தத்துவத்தின் வாயிலுக்கே அது அவர்களைக் கொண்டுசேர்த்தது. அந்த வரலாற்றையும் அதன் பயனையும் விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கமாகும்.

வேலையற்றதெனத் தள்ளப்பட்ட உறுப்பு

தைமஸ் இரண்டு மடல்களாலான மென்மையான உறுப்பு. குழந்தை பிறக்கும்போது ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் எடையுள்ள அது, பருவமடையும் வயதில் 30 அல்லது 40 கிராம் வரை வளர்ந்து, அதன்பின் படிப்படியாகச் சுருங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகவே மாறிவிடுகிறது. வயது முதிர்ந்தோரின் பிரேதங்களை அறுத்துப் பார்த்துச் சரீர சாஸ்திரத்தை வகுத்த பண்டிதர்களுக்கு, நிச்சயமான ஒரு தொழிலும் இல்லாமல் நெஞ்சறையில் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் உறுப்பாக அது தோன்றியதில் வியப்பில்லை.

அறியாமை அந்த அளவில் நின்றிருந்தால் கேடு விளைந்திராது. 1889-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவைச் சேர்ந்த அர்னால்ட் பால்டாஃப் என்னும் வைத்தியர், காரணம் புலப்படாமல் திடீரென இறந்துபோன குழந்தைகளின் உடலில் தைமஸ் பருத்திருப்பதைக் கண்டு, அந்தப் பருமனுக்கும் அந்த மரணங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று எழுதினார். உண்மையில் அக்குழந்தைகளின் தைமஸ் சரியான அளவில்தான் இருந்தது. சரியான அளவு எது என்பது பற்றிய அபிப்பிராயந்தான் பிழையாக இருந்தது. நெடுநாள் பிணியாலும் பட்டினியாலும் தைமஸ் வெகு விரைவில் சுருங்கிவிடும் சுபாவம் உடையது. உடற்கூற்றுச் சாலைகளுக்கு வந்து சேர்ந்த உடல்களோ பெரும்பாலும் ஏழைகளுடையவை, நோயில் நெடுநாள் கிடந்து மாண்டவர்களுடையவை. வறுமையால் சுருங்கிய சுரப்பியை இயற்கையான அளவென்று கொண்டவர்களுக்கு, ஆரோக்கியமான குழந்தையின் சுரப்பி வீங்கியதாகத் தோன்றியது. இதன் பயனாக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் நோயற்ற பல்லாயிரம் குழந்தைகளின் மார்பில், தைமஸைச் சுருக்குவதற்காக எக்ஸ் கதிர்கள் பாய்ச்சப்பட்டன. அக்கதிர்கள் அருகிலுள்ள தைராய்டு சுரப்பியையும் தாக்கின என்பதும், அவ்வாறு கதிரூட்டப்பட்ட குழந்தைகளிடையே பிற்காலத்தில் தைராய்டுப் புற்றுநோய் மிகுந்தது என்பதும், 1950-இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே வைத்திய உலகத்துக்குப் புலனாகத் தொடங்கின. ஓர் உறுப்பின் பயன் நமக்குத் தெரியவில்லை என்பது அதற்குப் பயனே இல்லை என்பதற்குப் பிரமாணம் ஆகாது; இந்த எளிய நியாயத்தை மறந்ததற்குரிய விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள்.

தைமஸின் தொழிலை நிலைநாட்டியவர் ஜாக் மில்லர். பிரான்சில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் கல்வி கற்று, லண்டனில் எலிகளுக்கு உண்டாகும் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த அந்த இளைஞர், பிறந்த சில மணி நேரத்துக்குள் எலிக்குஞ்சுகளின் தைமஸை நீக்கிவிட்டு அவற்றை வளர்த்துப் பார்த்தார். வளர்ந்த எலிகளிடமிருந்து தைமஸை நீக்கியபோது காணப்படாத விளைவுகள் இவற்றிடம் காணப்பட்டன. இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் லிம்போசைட் எனப்படும் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்தன. எலிகள் மெலிந்து தொற்று நோய்களால் மாண்டன. வேறு இனத்து எலியின் தோலை ஒட்டவைத்தபோதும் அதை அயலென்று தள்ளாமல் ஏற்றுக்கொண்டன. 1961-இல் மில்லர் வெளியிட்ட இந்த முடிவுகளால், வேலையற்றதெனக் கருதப்பட்ட சுரப்பியே நோய் எதிர்ப்புச் சக்தியின் பிறப்பிடங்களுள் தலையாயது என்பது தெளிவாயிற்று. அங்கே பக்குவமடையும் லிம்போசைட்டுகளையே இன்று டி அணுக்கள் என்று வழங்குகிறோம்.

தளரும் தசைகளும் ஒரு கட்டியும்

மில்லரின் ஆராய்ச்சிக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, தைமஸ் சாதாரண உறுப்பன்று என்பதற்கு ஓர் அறிகுறி வைத்தியர்களின் கண்முன் வந்து நின்றது. மயாஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு வியாதி உண்டு. உறங்கி எழுந்த காலையில் ஏறக்குறைய நலமாக இருக்கும் நோயாளிக்கு, பொழுது ஏற ஏறக் கண்ணிமைகள் தாழ்ந்துவிடும். பார்க்கும் பொருள் இரண்டிரண்டாகத் தெரியும். பேசப் பேசக் குரல் மங்கும். உணவை மெல்லத் தொடங்கியவர் பாதியில் தாடை ஓய்ந்து நிறுத்திவிடுவார். சற்றே இளைப்பாறினால் பலம் மீளும். மறுபடி உழைத்தால் மறுபடி குன்றும். நோய் முற்றினால் மூச்சு விடும் தசைகளும் தளர்ந்து உயிருக்கே ஆபத்து நேரும். இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இத்தகைய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எர்ப், கோல்ட்ஃபிளாம், ஜாலி முதலியோர் இதைத் தனியொரு வியாதியாக நிலைநிறுத்தினர். இந்நோயில் இறந்தவர்களின் மூளையையும் நரம்புகளையும் எவ்வளவு நுணுகி ஆராய்ந்தும் அவற்றில் ஒரு பழுதும் காணப்படாதது அவர்களைத் திகைக்கச் செய்தது.

1901-இல் ஜெர்மானிய நோய்க்குறியியல் நிபுணர் கார்ல் வைகெர்ட், இந்நோயால் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது, தைமஸில் ஒரு கட்டியையும் தசைகளினூடே லிம்போசைட்டுகளின் குவியல்களையும் கண்டார். கட்டியிலிருந்து பரவிய அணுக்களே தசையில் தங்கியிருக்கின்றன என்று அவர் கருதியது இன்றைய அறிவுக்கு ஒவ்வாதெனினும், நெஞ்சிலுள்ள கட்டியையும் தசையிலுள்ள தளர்ச்சியையும் ஒரே பார்வையில் இணைத்துப் பார்த்தது அவருடைய பெருமை. அதன்பின் இத்தகைய கட்டிகள் ஒவ்வொன்றாக வெளிப்படலாயின. 1936-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஆல்ஃப்ரட் பிளாலாக் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணர், மயாஸ்தீனியாவால் வருந்திய ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை நீக்கினார்; அவளுடைய தசைபலம் பெரிதும் மீண்டது. 1939-இல் அதை வெளியிட்ட அவர், பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கட்டியில்லாத மயாஸ்தீனியா நோயாளிகளுக்கும் தைமஸை நீக்கிப் பார்த்து, அவர்களிலும் பலர் தேறுவதைக் கண்டார்.

கட்டியை நீக்கினால் தசை தேறுகிறது. ஏன் தேறுகிறது என்பதுதான் விளங்கவில்லை. அதற்குரிய முதல் தடயத்தை அளித்தவர் லண்டன் கிரீனிச்சில் செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் பெண் வைத்தியர். அம்பு முனையில் தடவப்படும் குராரே விஷம் உண்டாக்கும் தளர்ச்சியும் மயாஸ்தீனியாவின் தளர்ச்சியும் ஒத்திருப்பதை எண்ணி, குராரேக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மின் மருந்தை 1934-இல் அவர் தம் நோயாளிக்குச் செலுத்தினார். தாழ்ந்திருந்த இமை மேலெழுந்தது. நரம்பின் முனையிலிருந்து வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் தசையைச் சென்றடையும் அந்த நுண்ணிய சந்திப்பில்தான் குற்றம் உள்ளது என்பது இதனால் ஐயமறத் துலங்கிற்று. குற்றம் இழைப்பது எது என்பதை ஊகித்தவர் ஸ்காட்லாந்தின் ஜான் சிம்ப்சன். மயாஸ்தீனியா உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் சிலர் சில வாரங்கள் மட்டும் அதே தளர்ச்சியோடு இருந்து தேறிவிடுவதையும், தைராய்டு, கீல்வாதம் முதலிய வேறு வியாதிகள் இதனோடு சேர்ந்து வருவதையும், தைமஸின் தொடர்பையும் ஒருங்கே சீர்தூக்கி, நோயாளியின் உடலே தன் தசைக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது என்று 1960-இல் அவர் எழுதினார். தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்குள் புகுந்த எதிர்ப்பொருள்கள் அழியும் வரை குழந்தை தளர்ந்திருக்கும், அழிந்ததும் தேறிவிடும் என்பது எவ்வளவு பொருத்தமான விளக்கம்!

ஊகத்தை மெய்ப்பிக்கும் காரியத்தில் இரண்டு பிராணிகள் உதவின. தைவானில் வாழும் ஒருவகைக் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து, தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளை மட்டும் இறுகப் பற்றிக்கொள்ளும் பொருளைச் சாங், லீ என்னும் விஞ்ஞானிகள் 1963-இல் பிரித்தெடுத்தனர். நம் நாட்டுக் கட்டுவிரியன் கடித்தவருக்கு முதலில் இமைகள் தாழ்ந்துவிடுவதைக் கண்டவர்கள், இவ்விஷம் மயாஸ்தீனியா ஆராய்ச்சிக்குப் பயன்பட்டதன் பொருத்தத்தை எளிதில் உணர்வார்கள். அப்பொருளைக் கொண்டு நோயாளிகளின் தசையைச் சோதித்தபோது ஏற்பிகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருப்பது 1973-இல் தெரியவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் ஜிம் பாட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் ஆகியோர், மின்விலாங்கின் உடலிலிருந்து எடுத்துச் சுத்தி செய்த ஏற்பிகளை முயல்களுக்கு ஊசியின் மூலம் செலுத்தினர். எதிர்ப்பொருள்களைச் சேகரித்துக்கொள்வதே அவர்கள் நோக்கம். முயல்களோ சில வாரங்களில் தலையைத் தூக்கவும் சக்தியற்றுத் தளர்ந்து விழுந்தன. மயாஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் மருந்தை அவற்றுக்குக் கொடுத்ததும் எழுந்து அமர்ந்தன. அந்நிய மீனின் ஏற்பிக்கு எதிராகத் தோன்றிய எதிர்ப்பொருள்கள் முயலின் சொந்தத் தசையையே தாக்கின என்பதில் பின்னர் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

நாற்றங்காலும் களையும்

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம்: தசையைத் தாக்கும் எதிர்ப்பொருளுக்கும் நெஞ்சிலுள்ள கட்டிக்கும் என்ன உறவு? இதை அறியத் தைமஸின் அன்றாடக் காரியத்தை அறிதல் அவசியம்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து பக்குவமடையாத அணுக்கள் ஓயாமல் தைமஸுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அங்கே ஒவ்வோர் அணுவும், தன் மரபுப் பொருளின் துண்டுகளைத் தற்செயலாக மாற்றி அடுக்கி, வேறெந்த அணுவுக்கும் இல்லாத ஓர் ஏற்பியைத் தன் மேற்பரப்பில் அமைத்துக்கொள்கிறது. உலகில் இதுவரை தோன்றாத கிருமியையும் அடையாளம் காணும் வல்லமை நம் உடலுக்கு வாய்த்திருப்பது இந்தத் தற்செயலின் பயனே. ஆனால் தற்செயலாக அமையும் ஏற்பிகளுள் பல எதற்கும் உதவாதவையாகவும், சில நம் சொந்த உறுப்புகளையே பகையாகப் பற்றிக்கொள்பவையாகவும் இருந்துவிடும். ஆகையால் தைமஸின் புறப்பகுதியில் முதல் சோதனை நடக்கிறது. உபயோகமற்ற ஏற்பியுள்ள அணுக்கள் அங்கே மடிகின்றன. தேறியவை உட்பகுதிக்குச் செல்கின்றன; அங்கே நம் சரீரத்தின் சொந்தப் புரதங்கள் அவற்றுக்குக் காட்டப்படுகின்றன. அவற்றை மூர்க்கமாகப் பற்றிக்கொள்ளும் அணுக்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. தைமஸில் பிறக்கும் அணுக்களில் நூற்றுக்கு மிகச் சிலவே உயிரோடு வெளியேறுகின்றன என்றால் இச்சோதனையின் கடுமை விளங்கும்.

தஞ்சை வயல்களில் நாற்றங்காலைக் கண்டவர்களுக்கு இதை எளிதில் உணர்த்தலாம். நாற்றுகளிடையே, நெற்பயிரைப் போலவே தோற்றமளிக்கும் களைப்புல்லும் முளைத்து வளரும். அனுபவமுள்ள விவசாயத் தொழிலாளியின் கண்ணுக்கே இரண்டுக்கும் உள்ள பேதம் தெரியும். நாற்றைப் பறிக்கும்போதே அதைப் பிரித்து எறியாவிட்டால், அது முடியோடு முடியாகக் கட்டப்பட்டு வயலுக்குச் சென்று, பயிரோடு பயிராக நடப்பட்டு, பின்னர் விளைச்சலையே விழுங்கிவிடும். தைமஸ் நம் சரீரத்தின் நாற்றங்கால். இரத்தமும் திசுக்களும் நடவு வயல். களை பிரிக்கும் பணி நாற்றங்காலிலேயே முடிந்தாக வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயற்கை. கணையத்தில் மட்டும் சுரக்கும் இன்சுலினையும், தைராய்டில் மட்டும் உண்டாகும் புரதத்தையும், நெஞ்சறையிலுள்ள தைமஸ் எப்படி அந்த இளம் அணுக்களுக்குக் காட்ட முடியும்? இதற்குரிய விடை 1997-க்குப் பிறகே கிடைத்தது. பின்லாந்து மக்களிடையே சற்று மிகுதியாகக் காணப்படும் ஒரு பரம்பரை வியாதியில், ஒரே நோயாளியின் பல நாளமில்லாச் சுரப்பிகளை அவருடைய உடலே அழித்துவிடுகிறது. அதற்குக் காரணமான மரபணுவை அவ்வாண்டில் கண்டுபிடித்து, ஏய்ர் என்று பெயரிட்டார்கள். தைமஸின் உட்பகுதியிலுள்ள எபிதீலியல் அணுக்களில் ஏய்ர் வேலை செய்யும்போது, அவ்வணுக்கள் தமக்குச் சம்பந்தமே இல்லாத ஏனைய உறுப்புகளின் ஆயிரக்கணக்கான புரதங்களைச் சிறிய அளவில் உற்பத்தி செய்து காட்டுகின்றன என்பதை, டயேன் மாத்திஸ், கிறிஸ்டோஃப் பென்வா ஆகியோரின் ஆய்வுக்குழு 2002-இல் எலிகளில் நிரூபித்தது. உடல் முழுவதன் சாயலையும் ஒரு சிறு சுரப்பிக்குள் வைத்துக் காட்டும் இந்த ஏற்பாடு, ஜீவராசிகளின் அமைப்பில் நாம் அறிந்த அற்புதங்களுள் ஒன்று என்று சொல்வது மிகையாகாது.

இத்தனை சோதனைக்குப் பின்னும் சில பகை அணுக்கள் தப்பிவிடுவதுண்டு. அவற்றை அடக்கிவைக்க வேறொரு வகை டி அணுக்களைத் தைமஸே தயாரித்து அனுப்புகிறது. அடக்கும் சுபாவமுள்ள அந்த அணுக்களை 1995-இல் அடையாளம் காட்டிய ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

கட்டிக்குள் நடப்பது

தைமோமா என்பது தைமஸின் எபிதீலியல் அணுக்களில் தோன்றும் கட்டி. இவ்வணுக்களே இளம் லிம்போசைட்டுகளைப் பக்குவப்படுத்துபவை என்பதுதான் இந்தக் கட்டியை உடலின் ஏனைய கட்டிகளிலிருந்து வேறுபடுத்துகிறது. ஈரலிலோ சிறுநீரகத்திலோ தோன்றும் கட்டி, அந்த உறுப்பின் காரியத்தைப் பெரும்பாலும் மறந்துவிடும். தைமோமாவோ தன் குலத்தொழிலைப் பாதி நினைவிலும் பாதி மறதியிலும் நடத்திக்கொண்டே இருக்கிறது. பல தைமோமாக்களை நுண்ணோக்கியில் பார்த்தால் இளம் லிம்போசைட்டுகள் அவற்றினூடே நெருங்கிக் கிடப்பதைக் காணலாம். அவை கட்டியின் அணுக்கள் அல்ல. மஜ்ஜையிலிருந்து வந்து, கட்டியையே தைமஸ் என்று கொண்டு வளர்ந்துகொண்டிருப்பவை.

அங்கே வளர்ச்சிக்குக் குறைவில்லை, குறைவெல்லாம் சோதனையில்தான். பெரும்பாலான தைமோமாக்களில் தைமஸின் உட்பகுதிக்கு ஒப்பான அமைப்பு சரியாக உருவாவதில்லை; ஏய்ர் மரபணு ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் மௌனமாகிவிடுகிறது; சொந்தப் புரதங்களை எடுத்துக்காட்டும் மூலக்கூறுகள் குன்றிவிடுகின்றன; இயற்கையான தைமஸில் தசையின் புரதங்களைத் தாங்கி நிற்கும் சில விசேஷ அணுக்கள் கட்டியில் காணப்படுவதில்லை; அடக்கும் அணுக்களின் உற்பத்தியும் குறைகிறது. நாற்றங்கால் விரிந்துகொண்டே போகிறது, நாற்றும் செழிக்கிறது, களை பிரிக்கும் கை மட்டும் இல்லை. அவ்வாறு சோதிக்கப்படாமல் வெளியேறும் டி அணுக்கள் இரத்தத்தில் கலந்து, எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி அணுக்களைத் தூண்டிவிட, பி அணுக்கள் தசையின் ஏற்பிக்கு எதிரான ஆயுதத்தைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. எல்லாக் கட்டிகளும் இதை ஒரே அளவில் செய்வதில்லை. லிம்போசைட்டுகளுக்கு வளர இடந்தராத கட்டிகள், அதாவது தைமஸில் தோன்றும் உண்மையான கார்சினோமாக்கள், பார்வைக்கு மிகக் கொடியவை. எனினும் அவற்றோடு மயாஸ்தீனியா சேர்ந்து வருவது மிக அபூர்வம். உருவத்தில் சாதுவாக இருப்பதே சுய எதிர்ப்பு வியாதிக்கு இடந்தருகிறது என்னும் இந்த முரண், மேற்சொன்ன விளக்கத்துக்கு வலுவான ஆதாரம்.

புள்ளிவிவரங்களும் இந்த உறவின் ஆழத்தைக் காட்டுகின்றன. தைமோமா அபூர்வமான கட்டி. அமெரிக்கக் கணக்கின்படி ஓர் ஆண்டில் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே அது தோன்றுகிறது. ஆயினும் அக்கட்டி உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மயாஸ்தீனியா காணப்படுகிறது; மயாஸ்தீனியா உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு அக்கட்டி இருக்கிறது. பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாகவே இது வருகிறது. இளம்பெண்களுக்கு வரும் மயாஸ்தீனியாவில் கட்டிக்குப் பதிலாகத் தைமஸின் வேறு வகை வீக்கமே காணப்படுகிறது என்பதும், அதன் விளக்கம் வேறு என்பதும் குறிப்பிடத்தக்கவை.

தசைக்கு அப்பால்

சோதனையில்லாமல் வெளியேறும் அணுக்கள் தசையை மட்டும் நாடும் என்பதற்கு நியாயமில்லை. தைமோமா நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களின் மூல அணுக்கள் மட்டும் அழிந்து, வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் நலமாயிருக்க, கடுமையான சோகை உண்டாகிறது. சிலருக்கு மூளையின் நினைவுப் பகுதி தாக்கப்பட்டு நினைவும் புத்தியும் தடுமாறுகின்றன. சிலருக்கு இருதயத் தசையே அழற்சியடைகிறது. சிலருக்குத் தசைகள் தளர்வதற்கு நேர்மாறாக ஓயாமல் துடித்து இறுகுகின்றன.

இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது, 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் என்னும் வைத்தியர் விவரித்தது. தைமஸ் கட்டியுள்ள அவருடைய நோயாளிக்கு, இரத்தத்தில் இருக்க வேண்டிய எதிர்ப்பொருள்களாகிய இம்யுனோகுளோபுலின்களே ஏறக்குறைய இல்லாமல், தொற்று நோய்கள் மீண்டும் மீண்டும் வந்து வருத்தின. தைமஸுக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தை அந்த ஒரு நோயாளியே குட்டின் மனத்தில் விதைத்தார். மில்லரின் ஆராய்ச்சி நடந்த அதே காலத்தில் குட்டின் குழுவினரும் பிராணிகளின் தைமஸை நீக்கி ஆராய்ந்துகொண்டிருந்ததற்கு அதுவே காரணம்.

தைமோமாவோடு மயாஸ்தீனியா உள்ளவர்களில் பெரும்பாலோரிடம், வைரஸ்களை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்னும் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் காணப்படுகின்றன. ஏய்ர் பழுதுற்ற அந்தப் பரம்பரை வியாதியிலும் இதே எதிர்ப்பொருள்கள் தோன்றுவது, இரண்டு நோய்களின் வேரும் ஒன்றே என்பதற்குச் சான்று. நெடுங்காலம் ஒரு சில நிபுணர்களே அறிந்திருந்த இச்செய்தி, 2020-இல் உலகுக்கே முக்கியமாயிற்று. அவ்வாண்டு கோவிட் நோய் முற்றி உயிருக்குப் போராடியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரிடமேனும் இன்டர்ஃபெரானுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முன்கூட்டியே இருந்தன என்று ஒரு சர்வதேச ஆய்வுக்குழு கண்டறிந்தது. அபூர்வமான ஒரு கட்டியைப் பற்றிய அறிவு, லட்சக்கணக்கானோரைத் தாக்கிய கொள்ளைநோயை விளங்கிக்கொள்ள உதவியது. அபூர்வ நோய்களை ஆராய்வது வீண்செலவு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

சிகிச்சையும் எச்சரிக்கையும்

தைமோமாவுக்கு முதன்மையான சிகிச்சை அறுவையே. கட்டியை மட்டும் தோண்டி எடுக்காமல், உறை கிழியாதபடி, தைமஸ் முழுவதையும் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து நீக்குவதே முறை. மார்பெலும்பைப் பிளந்தும் செய்யலாம், தக்க நோயாளிகளுக்குச் சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தியும் செய்யலாம். ஜப்பானிய அறுவை நிபுணர் மசவோகா 1981-இல் வகுத்த படிநிலைகளின்படி, கட்டி உறைக்குள் அடங்கியிருக்கிறதா, உறையை ஊடுருவிவிட்டதா, தூரத்தில் பரவிவிட்டதா என்பதைக் கொண்டு மேற்கொண்டு கதிர் சிகிச்சை முதலியன வேண்டுமா என்று தீர்மானிக்கிறார்கள். உறைக்குள் அடங்கிய கட்டியை முழுவதும் நீக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நலமாக வாழ்கிறார்கள். ஆயினும் நெடுங்காலம் கழித்துக் கட்டி திரும்பி வருவதும் உண்டு. ஆகவே, மிகச் சில அரிய வகைகள் நீங்கலாக, எந்தத் தைமோமாவையும் முற்றிலும் சாதுவானது என்று இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஒப்புக்கொள்வதில்லை.

கட்டியை நீக்கியதும் சுய எதிர்ப்பு வியாதி மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. வெளியேறிவிட்ட டி அணுக்கள் நீண்ட ஆயுள் உடையவை. ஆதலால் வியாதி தணியப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். கட்டி போனபின் புதிதாக மயாஸ்தீனியா தோன்றிய நோயாளிகளும் உண்டு. பிரிடோஸ்டிக்மின் தசைக்குத் தற்காலிக பலம் தருகிறது. பிரெட்னிசோலோன் முதலிய மருந்துகள் எதிர்ப்புச் சக்தியின் மூர்க்கத்தைத் தணிக்கின்றன. ஆபத்தான வேளையில் இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றி எதிர்ப்பொருள்களை அகற்றலாம். கட்டியில்லாத மயாஸ்தீனியாவிலும் தைமஸை நீக்குவது நன்மை தரும் என்று பிளாலாக் காலமுதல் நம்பப்பட்டு வந்ததை, 126 நோயாளிகளைக் கொண்டு பல நாடுகளில் நடந்து 2016-இல் வெளிவந்த முறையான பரிசோதனை உறுதிப்படுத்தியது.

எனினும் தைமஸ் பெரியவர்களுக்குத் தேவையில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. இருதய அறுவை முதலியவற்றின்போது தைமஸ் நீக்கப்பட்டவர்களையும் நீக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் நீக்கப்பட்டோரில் நூற்றுக்கு 8.1 பேராகவும், மற்றவர்களில் 2.8 பேராகவும் இருந்தனர். புற்றுநோயும் முன்னவர்களிடமே மிகுந்திருந்தது. நியாயமான காரணம் இருக்கும்போது தைமஸை நீக்கத் தயங்கலாகாது. காரணமின்றி அதில் கை வைப்பதும் ஆகாது.

இந்த வரலாற்றிலிருந்து வைத்தியருக்கும் நோயாளிக்கும் பொதுவான விதிகள் மூன்று பெறப்படுகின்றன. மயாஸ்தீனியா என்று அறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் மார்பை சி.டி. ஸ்கேன் எடுத்துத் தைமஸைப் பார்த்தாக வேண்டும். தற்செயலாக எடுத்த ஸ்கேனில் தைமஸ் கட்டி தென்பட்டால், தளர்ச்சி இல்லாதவருக்கும் அறுவைக்கு முன்பே இரத்தத்தில் எதிர்ப்பொருள்களைச் சோதிக்க வேண்டும். ஏனெனில் அறியாமலிருந்த மயாஸ்தீனியா, மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுத் தளர்ச்சியாக வெளிப்படக்கூடும். கட்டியை நீக்கிய பின்பும் நோயாளியைப் பல ஆண்டுகள் கவனித்து வர வேண்டும். வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: மாலையில் தாழ்ந்து காலையில் மீளும் கண்ணிமையையும், இரட்டையாகத் தெரியும் பார்வையையும், பேசப் பேச மங்கும் குரலையும் வெறும் களைப்பென்றோ வயதின் கோளாறென்றோ தள்ளிவிடாமல், தாமதமின்றி நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள். இது நல்ல சிகிச்சை உள்ள வியாதி. காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தம் வேலைகளைச் செய்துகொண்டு இயல்பாக வாழ்கிறார்கள்.